படிக்கட்டு வரைக்கும்

மோகன்ராஜ் ஸ்டூலில் ஏறி ரவுட்டரை நடைப் பரண்மேல் வைத்ததும், படுக்கையறையில் இருந்த என் லேப்டாப்பில் ஐந்து கோடும் எழும்பி நின்றன. ஒரு வருஷமாக அது ஹால் ஜன்னலோரம் இருந்தது. வாசல் படிக்கட்டுக்கெல்லாம் தாராளமாகப் போன சிக்னல், சொந்தக்காரியான என் கட்டிலுக்கு மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை சின்மயி டல்லாஸிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால், முழங்கால் வலியோடு ஹால் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துதான் பேசவேண்டும். நான் ரிட்டையரான கணக்கு டீச்சர். அவர் போய் ஆறு வருஷம். மகளோடு பேசுவது வாரத்துக்கு ஒரு தரம், அதையாவது படுத்துக்கொண்டு பேசலாமே என்றுதான் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மோகன்ராஜை வரவழைத்தேன்.

"இப்ப கீழ் வூடு வரைக்கும்கூட போவும்மா," என்றவர் ஸ்கிரீனைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாம்மா, பூட்டே இல்லாம தொறந்து போட்டு வெச்சிருக்கீங்க? வெளியாளு யாரோ உங்க நெட்ல ஏறிகினு இருக்காங்க. அவங்க ஏடாகூடமா எதுனா பண்ணா போலீஸ் உங்க வூட்டுக்குத்தான் வரும்."

பயந்துவிட்டேன். உடனே பூட்டச் சொன்னேன். பேர், பிறந்தநாள் எதுவும் பாஸ்வேர்டாக வேண்டாம், எல்லாரும் ஊகித்துவிடுவார்கள் என்றார். என் பிறந்தநாள் தெரிந்த அந்த எல்லாரும் யார் என்ற கேள்வி வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கீழ் வீட்டில் குடியிருக்கும் சத்யப்ரியாவின் கணவன் மஸ்கட்டில் இருக்கிறான். நாலு மாசமாக தினமும் ஐந்தரைக்கு லேப்டாப்போடு வந்து என் வாசல் படியில் உட்கார்வாள். "கீழ ஒரே புழுக்கம் மாமி, இங்கதான் காத்து வருது" என்பாள். அவனோடு பேசி முடித்ததும் நான் இரண்டு டம்ளர் காபியோடு போய் உட்கார்வேன். தண்ணீர் லாரி வந்ததா, அவள் மாமியார் போனில் என்ன சொன்னாள் என்று அரைமணி ஓடும். அந்த அரைமணிக்காக நாலு மணிக்கே தலைவாரிக்கொள்வேன் என்பதை அவளிடம் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தவள் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. தலைவலி என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. இரண்டாவது டம்ளரையும் நானே குடித்தேன்.

மூன்றாம் நாள்தான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்! அவள் காற்றுக்கு வரவில்லை. காபிக்கும் வரவில்லை. எனக்காகவும் வரவில்லை. இந்த வயசில் வெட்கக்கேடு, உட்கார்ந்து அழுதேன்.

பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கிளம்பியவள், பரணைப் பார்த்ததும் நின்றேன். கீழ் வீடு வரைக்கும் போகும் என்றாரே. இதைக் கொடுத்துவிட்டால் அவள் தன் கட்டிலில் படுத்தபடியே பேசிக்கொள்வாள். அப்புறம் எதற்குப் படியேறப் போகிறாள்?

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏறியது பைத்தியக்காரத்தனம்தான். ரவுட்டரை இறக்கி, பழையபடி ஹால் ஜன்னலோரம் வைத்தேன். படுக்கையறையில் போய்ப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

கதவைத் திறந்த சத்யா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சாரி மாமி. கேக்காமலே யூஸ் பண்ணிட்டிருந்தேன். எந்த முகத்தை வச்சுக்கிட்டு மேல வர்றதுன்னு..."

"அசடு," என்று காகிதத்தை நீட்டினேன். "யார்கிட்டயும் சொல்லிடாதே. ஆனா இங்கெல்லாம் எடுக்காதுடி. படியிலதான் எடுக்கும்."

காகிதத்தை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "தேங்க்ஸ் மாமி" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஐந்தரை ஆயிற்று. படியில் செருப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. டிகாக்ஷன் இறங்கி, பாலும் பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். யாராவது உபயோகித்தால் பச்சை விளக்கு சிமிட்டும் என்று மோகன்ராஜ் சொல்லியிருந்தார். என் லேப்டாப் உள்ளே மூடிக் கிடந்தது. ஜன்னலோரம் அந்தப் பச்சை விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாளோ. இரண்டு டம்ளரிலும் காபியை ஊற்றினேன்.