வெளியாள் சாட்சி

1

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. நம் சபையை நடத்தும் மூப்பராக யார் வரலாம் என்று பெண்கள் கூட்டத்தில் கேட்டீர்கள். வேதத்தில் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதைச் சொன்னேன்: ஒரே மனைவி உள்ளவர், குடிக்காதவர், வீட்டை ஒழுங்காக நடத்துகிறவர்... அதற்குள் பாதிப்பேர் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். உங்கள்மேல் தப்பில்லை, கண்ணுங்களா. வெறும் தகுதிப் பட்டியலுக்கு முகம் கிடையாது. ஒரு முகம் வைத்துப் பார்க்கிறேன்.

2

"1956-ஆம் வருஷம், திருவண்ணாமலையில் சூரியன்..." வேண்டாம். சூரியன் எல்லா ஊரிலும்தான் உதிக்கிறது.

"தங்கம்மாளுக்கு அன்று பெருமையில் சோறு இறங்கவில்லை." இது நிற்கும். அவள் புருஷன் ராஜமாணிக்கம் ரயிலடிக்கும் கோயிலுக்கும் குதிரை வண்டி ஓட்டுகிறவர். சபையில் மூப்பர் பதவிக்கு அவர் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அதுவரை ஒரு வண்டிக்காரர் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை.

3

தேவசகாயம் வாத்தியார் எழுந்தார். (முதலில் இவரைக் கெட்டவராக எழுதி அடித்துவிட்டேன். கேட்டது நியாயமான கேள்வி.)

"வெளியாளுங்ககிட்ட நல்ல பேர் எடுத்திருக்கணும்னும் வேதத்துல இருக்குங்க, ஐயா. இவருக்கு யார் சாட்சி?"

போதகர் யோசித்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை யாரையாவது அழைச்சிட்டு வாங்க."*

வீட்டில் ராஜமாணிக்கம் முறுக்கிக்கொண்டார். "கேட்டு வாங்குனா அது சாட்சியா? நான் போமாட்டேன்."

"நீங்க போவாதீங்க. எனக்கும் காலு இருக்குது."

(*இந்த ஊரில் யார் வெளியாள்? எங்கள் சபையார் வீடுகளைத் தவிர ஊரே வெளியாள்தான்.)

4

கோயில் குருக்கள் வீட்டுச் சொர்ணாம்பாளைத்தான் தங்கம்மாள் அழைத்தாள். அந்த அம்மாள் ஞாயிறன்று சபை வாசலில் குடையோடு நின்றார். உள்ளே வரவில்லை.

"ராஜமாணிக்கம் எப்படிங்கம்மா?" என்றார் போதகர்.

"மகா பிடிவாதக்காரன்."

தங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையில பௌர்ணமி வந்தா ரெட்டிப்புக் கூலி குடுத்தாலும் காலம்பற வண்டி பூட்டமாட்டான். ஜபத்துக்குப் போகணுமாம். குதிரைக்கு மூச்சு வாங்கினா எங்களை எறக்கி நடக்கவிடுவான். என் தம்பி வெத்தலையைத் துப்பினான்னு அவனையே வண்டியைக் கழுவ வெச்சான். வெளியூர்க்காராகிட்டகூட ஜாஸ்தி கேக்கத் தெரியாது. பொழைக்கத் தெரியாதவன். இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேளா?"

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வாத்தியார்தான் முதலில் சிரித்தார். தங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

5

ஆண்கள் கை தூக்கினார்கள். வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் சரிபாதி.

முதல் முடிவு: வாத்தியார் மனம் மாறி... இல்லை, இத்தனை சர்க்கரை எனக்கே திகட்டுகிறது.

இரண்டாம் முடிவு: ராஜமாணிக்கம் தோற்று, திங்கட்கிழமை வழக்கம்போல் வண்டி பூட்டி... எழுத மனம் வரவில்லை.

மூன்றாவது தானாக வந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. அங்கே பெண்கள் கை தூக்கும் வழக்கமே இல்லை.

"கைய எறக்கும்மா," என்றார் யாரோ.

"வெளியாள் சொன்னத கேட்டீங்க. வீட்ட ஒழுங்கா நடத்துறவரான்னு வீட்டு ஆளத்தானே கேக்கணும்? என்னையும் எண்ணிக்குங்க, ஐயா," என்றாள் தங்கம்மாள்.

போதகர் எண்ணினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். வேதமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நிதானமாக யோசியுங்கள், அவசரமில்லை. அவள் கையை இறக்கப்போவதில்லை.