துணைக்கு வந்தவள்

உலகம்மா, உலகம்மா என்று நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் நான் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறேன், மூன்றாம் தடவை அவள் குரல் தடித்தபோது அக்கா என் முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளினாள், ஏட்டி, உன்னையத்தான் கூப்பிடுதாவ என்று காதுக்குள் சொன்னாள், அப்போதுதான் எனக்கு உறைத்தது, உலகம்மாள் என்பது அக்காவின் பெயர், இந்தக் கட்டிலில் கிடக்கும்வரை அது என் பெயர், இந்தா இருக்கேன் என்று ஈனக்குரலில் சொல்கிறேன், சீட்டில் பிரசவத்துக்கு வந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரும் துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் என் பெயரும் இருக்கிறது, எழுதியது அத்தான், அத்தானின் எழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும், பொய் எழுதும்போதுகூட.

கிள்ளிய இடம் இருபத்தாறு வருஷம் கழித்தும் வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது, திருநெல்வேலியில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இடத்தையே தடவிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் அக்கா, மாடியில் குற்றாலநாதன், அன்றைக்கு நான் பெற்று அக்கா பெயரில் எழுதிய பிள்ளை, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன, வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் ரத்தத்தைக் கழுவி ஏற்றுகிறார்கள், முகம் ஊதி, கண் சிறுத்து, அவனைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, ஒரு சிறுநீரகம் கிடைத்தால் பிழைப்பான், கிடைக்காவிட்டால் என்று தொடங்குகிற வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். அத்தானுக்குச் சர்க்கரை, அவருடையது ஆகாது, தாய் கொடுத்தால் சுலபம் என்றார்கள், தாய் என்றால் காகிதத்தில் அக்காதானே, நான் சித்தி, சித்தி கொடுத்தால் ஆயிரம் கேள்வி வரும் என்று அத்தான் நடுங்கினார், என் பிள்ளைக்கு நான் குடுக்காம வேற யாரு குடுப்பா என்று அக்கா கையை நீட்டிவிட்டாள், ரத்த வகையும் ஒன்றாக இருந்தது, மறுபடியும் ஒரு படிவம், மறுபடியும் முத்து முத்தான எழுத்து.

காகிதம் நாங்கள் சொன்னதைக் கேட்டது, ரத்தம் கேட்கவில்லை. காலையில் டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார், தாய்க்கும் பிள்ளைக்கும் பாதியாவது பொருந்தணும், இங்கே அது இல்லை, இந்த அம்மா அந்தப் பையனைப் பெத்தவங்க கிடையாது, யார் இவங்க, எங்கேர்ந்து பிடிச்சுட்டு வந்தீங்க என்று கேட்டார், எங்களைச் சிறுநீரக வியாபாரக் கூட்டம் என்று நினைத்துவிட்டார், அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார், அக்கா மட்டும் எழுந்து நின்று, நான்தான் பெத்தேன், உங்க மிஷினு தப்பாச் சொல்லுது என்றாள், அந்த மூஞ்சியைப் பார்த்தால் நானே நம்பியிருப்பேன். பன்னிரண்டு மணிக்கு அனுமதி குடுக்குற கமிட்டி உட்காரும், அதுக்குள்ள உண்மையைச் சொல்லுங்க, இல்லைன்னா போலீசுக்குத்தான் எழுதுவேன், பையனுக்கு நாள் அதிகம் இல்லை, அதையும் யோசிச்சுக்கங்க என்றார் டாக்டரம்மா. இப்போது மணி பதினொன்றே கால், அத்தான் ஜன்னல் ஓரம் போய் நின்று வெளியே பார்க்கிறார், சர்வேயர் உத்தியோகம் பார்த்தவர், ஊர் நிலத்துக்கெல்லாம் சங்கிலி பிடித்து எல்லைக்கல் நட்டவர், வீட்டுக்குள் எது யாருடையது என்று ஒரு நாளும் அளந்து சொன்னதில்லை.

அக்காவுக்கு ஒன்பது வயதில் நான் பிறந்தேன், எனக்குப் பெயர் வைத்ததே அவள்தானாம், எனக்குப் பத்து வயதில் அவள் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், ஒன்பது வருஷம் வயிறு திறக்கவில்லை, மாமியார் வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள், அக்கா ஒரு மத்தியானம் தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்து என் சடையைப் பிரித்துப் பேன் பார்த்துக்கொண்டே, வெளியில இருந்து ஒருத்தி வந்தா என்னைய வெளிய தள்ளிருவா, நீன்னா தள்ள மாட்டல்லா என்கிறாள், அதுதான் என்னைப் பெண் பார்த்த லட்சணம், நான் சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, பேன் நசுங்குகிற சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுப் பூசையறையில் தாலி, மேளம் கிடையாது, ரெண்டாங் கல்யாணம் வெளியில தெரிஞ்சா சர்க்கார் வேலை போயிரும் என்று அத்தான் சொன்னார், நீளமாக மஞ்சள் கயிறு, ரவிக்கைக்குள் இறக்கி ஊக்கு குத்திக்கொள்ள வேண்டும், கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன், பின்னாலும் அத்தான், கேட்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அப்படி வசதியான உறவு.

சங்கரன்கோவிலுக்கு மாற்றல் ஆகிப் போனோம், அங்கே நான் கல்யாணமாகாத தங்கச்சி, எதிர்வீட்டு ரெங்கநாயகியம்மாள் நல்ல மனுஷி, வயசுப் பிள்ளைய இப்படி வச்சிருக்கலாமா என்று அக்காவைத் திட்டிக்கொண்டே இருப்பாள், ஒரு நாள் ஜாதகத்தோடு வந்துவிட்டாள், மாப்பிள்ளை கூட்டுறவு பாங்கியில் குமாஸ்தா, பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கு என்கிறாள், எனக்கு அப்போது மூன்று மாசம், வாயில் புளிப்பு ஊற நின்றுகொண்டிருக்கிறேன், அக்கா ஜாதகத்தை வாங்கி நிதானமாகப் பார்த்து, செவ்வா தோஷம் இருக்கே என்று திருப்பிக் கொடுத்தாள், ரெங்கநாயகியம்மாள் போனபிறகு நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம், சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் அழுதேன், அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போனாள். என் வயிறு வெளியே தெரிவதற்குள் அக்காவுக்குத்தான் மாசம் என்று சொல்லிவிட்டு எங்களை யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய்விட்டோம். அந்தக் குமாஸ்தாவின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் சில மத்தியானங்களில் சைக்கிளை நிறுத்திவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறான், கனவில்தான்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அக்கா அவனைத் தூக்கி என் மடியில் வைத்தாள், வலது கையைப் பிடித்தாள், இவன் தல மேல அடிச்சுச் சத்தியம் பண்ணு, நாந்தான் பெத்தேன்னு எவர்ட்டயும் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்னு சொல்லு என்றாள், உச்சி துடிக்கிற பச்சைத் தலை, கையை வைக்கவே கூசியது, வைத்தேன், சொன்னேன். பிள்ளை தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் பிள்ளைக்குத்தான் ஆகும், இது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும், அதனால்தான் அந்தத் தலையைத் தேர்ந்தெடுத்தாள், எனக்கு அவள்மேல் கோபம், அன்றைக்கு முளைத்த கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனால் விடிய விடிய அவனைத் தோளில் போட்டு நடந்தவளும் அவள்தான், பால் குடிக்க என்னிடம் வருவான், ஏப்பம் விட அவள் தோளுக்குப் போய்விடுவான், அம்மா என்று அவளைத்தான் கூப்பிட்டான், என்னைச் சித்தி என்றான், முதல் தடவை கேட்டபோது மார்பில் பால் கட்டின மாதிரி வலித்தது, பிறகு பழகிவிட்டது, பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டது.

காலேஜ் இரண்டாம் வருஷத்தில் பட்டிமன்றம் என்று வந்தான், பலதார மணத்தைச் சட்டமாக்கலாமா கூடாதா, இவனுக்குக் கூடாது என்கிற அணி, கூடத்தின் நடுவில் நின்று கையை வீசிப் பேசிப் பார்க்கிறான், நானும் அக்காவும் கொத்தவரங்காய் நறுக்குகிறோம், அத்தான் பேப்பருக்குப் பின்னால், ஒரு பெண்ணின் கண்ணீரில்தான் இன்னொரு பெண்ணுக்குப் பூ பூக்க வேண்டுமா என்று அவன் கேட்டபோது பேப்பர் ஆடியது, நான் அரிவாள்மணையைவிட்டு நிமிரவில்லை. பேசி முடித்தவன் நேரே எங்களிடம் வந்து உட்கார்ந்து, நீங்க சொல்லுங்கம்மா, சட்டம் வரலாமா என்றான், அக்கா சொல்கிறாள், வந்தா என்னல, ஊருல நடக்காததா, நடக்குத கூத்துக்குச் சட்டம் இருந்தா அந்த ரெண்டாவதா வந்தவளாவது தலநிமிந்து நடப்பா, பேரு இல்லாம கெடக்க மாட்டாள்லா. நான் அவளைப் பார்த்தேன், அவள் காயைப் பார்த்தாள், சித்தி நீங்க என்றான், எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ, வரவே கூடாதுல, சட்டம் இல்லாதப்பவே எவனும் அவள ஒரு வார்த்த கேக்கல, சட்டமும் வந்துட்டுன்னா அப்புறம் ஏன் கேக்கப் போறான், பேரு குடுத்துட்டா ஆச்சா என்று கத்திவிட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், சித்தி சொல்லதத்தான் மேடையில சொல்லப் போறேன் என்று மட்டும் சொன்னான், தெரிந்துதான் பார்த்தானா, தெரியாமலா, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எல்லாமும் தெரியும், வாய்தான் கிடையாது.

பதினொன்று ஐம்பது. அக்கா, சொல்லிருவோமா என்கிறேன், அவள் ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை இன்னும் அமுக்கிக்கொண்டே இருக்கிறாள், ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது, சத்தியத்த மீறுனா அவனுக்கு ஆகாதேட்டி என்கிறாள், மீறலைன்னாலும் ஆகாதேக்கா, நீயே பாத்தல்லா, மூஞ்சி எப்பிடி ஊதிக் கெடக்கு என்கிறேன், சொல்லிட்டா நான் யாரு அவனுக்கு, சொல்லு, நான் யாரு என்று கேட்கிறாள், உதடு கோணுகிறது, இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் பயந்து நான் பார்த்ததே இல்லை, மார்பிலே மிதிக்க நினைத்திருந்த கால் மடங்கிவிட்ட மாதிரி என் கோபம் உட்கார்ந்துவிட்டது, தெரியல்லக்கா என்றுதான் சொன்னேன். அத்தான் அங்கிருந்தே, ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க, யோசிப்போம் என்றார், நீங்க யோசிச்சது போதும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கதவு திறந்தது. நோயாளியோட தாயார், உலகம்மாள் என்று ஊழியர் கூப்பிட்டார், அக்கா எழுந்திருக்கவில்லை, உலகம்மாள் என்று இரண்டாம் தடவை, எனக்குக் கட்டிலும் சுவரும் தெரிகின்றன, இடுப்பில் பழைய வலி புரண்டு எழுகிறது, மூன்றாம் தடவை அவர் குரல் தடித்தபோது முழங்கைக்கு மேலே நறுக்கென்று கிள்ளு விழுந்தது, ஏட்டி, உன்னையத்தான் கூப்பிடுதாவ, எந்திரி, சத்தியத்த எங்கிட்டதான பண்ணுன, நான் திருப்பி வாங்கிக்கிட்டேன், ஏதும் ஆகுததா இருந்தா எந்தலைக்கு ஆகட்டும். எழுந்தேன், கால் தானாக உள்ளே நடந்தது, அவள் கிள்ளிய கையை எடுக்காமல் பின்னாலேயே வந்தாள், ரவிக்கைக்குள் கையை விட்டு ஊக்கைக் கழற்றி மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டேன், டாக்டரம்மா, அது எம்பேரு இல்ல, அவனப் பெத்தது நான், எம்பேரு வேற என்றேன், என் பெயரைச் சொன்னேன், அக்கா எனக்கு வைத்த பெயர், இந்த இருபத்தாறு வருஷமும் அவன் பெயரின் பக்கத்தில் தாயாக ஒரு காகிதத்திலும் நிற்காத பெயர். டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார், அப்போ இவங்க என்று அக்காவைக் காட்டினார், நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள், எழுதிக்கோங்கம்மா, நான் துணைக்கு வந்தவ என்றாள், டாக்டரம்மா எழுதினார், எனக்கு ரத்தம் எடுக்க நர்ஸ் கையைப் பிடித்தபோதும் அக்கா கிள்ளிய இடத்தைவிட்டு விரலை எடுக்கவில்லை.