கன்று போடும் மாதத்துப் பரீட்சை

வணக்கம், எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா? மூட்டுவலி, சளி, இருமல் ஒன்றும் இல்லையே? இங்கே நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் பனி உருகி, போகிற வழியெல்லாம் சேறாகக் கிடக்கிறது. மாடுகள் கன்று போட்டு முடித்துவிட்டன. கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும்போதே மேரன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மேரன் ஹோல்க் அன்றைக்கு மிஸஸ் கெஸ்லரின் அறையில் போய் உட்கார்ந்தபோது அவளுடைய பூட்ஸில் சாணி காய்ந்துபோயிருந்தது. அதைக் கெஸ்லர் பார்த்தார், பிறகு பார்க்காதவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரின் உயர்நிலைப் பள்ளியில் அடுத்த வருஷம் எந்தப் பிள்ளை எந்தப் பாடம் படிப்பது என்று பிரித்துக் கொடுப்பது கெஸ்லரின் வேலை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கணக்குப் பாடங்களை ஏணி மாதிரி வரைந்து ஒட்டியிருந்தார்கள். கீழே அல்ஜீப்ரா, அதற்கு மேலே ஜியோமெட்ரி, அப்புறம் இரண்டாம் அல்ஜீப்ரா, அப்படியே ஏறிப் போனால் உச்சியில் கால்குலஸ். பக்கத்திலேயே ஒரு குட்டை ஏணி. அதில் ஏறுகிறவர்கள் முதல் அல்ஜீப்ராவையே இரண்டு வருஷம் அசைபோட வேண்டும். பள்ளியை விட்டுப் போகும்போது வீட்டு வரவு செலவுக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மேரன் நின்றது குட்டை ஏணியில்.

அவளுக்கு வேண்டியது உச்சிப் படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. புதுப் பாலம் கட்ட வந்தவர்களில் ஒரு பெண் என்ஜினியர் இருந்தாள். மஞ்சள் தொப்பியும் சேறு படிந்த பூட்ஸுமாக நின்ற அவளிடம் மேரன் போய், இதைக் கட்ட என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே கால்குலஸ் வரைக்கும் போய்விடு, மற்றதெல்லாம் தானாக வரும் என்று அந்தப் பெண் சொன்னாள். அன்றிலிருந்து மேரனுக்கு அந்த ஒரே நினைப்பு. இரண்டு வருஷத்து அல்ஜீப்ரா புத்தகத்தை டிசம்பருக்குள் தானாகவே போட்டு முடித்துவிட்டாள். அடுத்த வருஷம் ஜியோமெட்ரியையும் இரண்டாம் அல்ஜீப்ராவையும் சேர்த்தே எடுத்துவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸைத் தொட்டுவிடலாம். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

கெஸ்லர் கெட்டவர் இல்லை. யாருடைய பிறந்தநாளையும் மறக்க மாட்டார். மேஜை மேலிருந்த மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். பண்ணைப் பிள்ளைங்களுக்கு வீட்டு வேலையே முதுகு ஒடியுது. இதுல ரெண்டு கணக்கையும் ஒரே வருஷத்துல எப்படித் தூக்குவ? எட்டாம் வகுப்புல பரீட்சை வெச்சு, யாரால எது முடியும்னு பாத்துத்தானே பிரிச்சிருக்கோம்."

மேரன் மிட்டாயைத் தொடவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

பள்ளிப் பேருந்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. அது மார்ச் மாதம். பனிப்புயல் வேறு. முதல் கன்று போடும் கிடாரி ஒன்று கொட்டகையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்க, கன்றின் கால்களில் சங்கிலி மாட்டி அப்பா இழுக்க, மேரன் தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுத் தலையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பிள்ளைகள் பென்சில் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது.

மறுநாள் கணக்கு வகுப்பில் அவள் பலகையைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். வரிசை வரிசையாக பூட்ஸ். கடைத்தெருப் பிள்ளை, வங்கிக்காரர் பிள்ளை, ஒருத்தர்கூட அந்த அறையில் இல்லை. பக்கத்துப் பண்ணை ட்ரெவரை முழங்கையால் இடித்தாள்.

"எட்டாவதுல அந்தக் கணக்குப் பரீட்சை எழுதுனியாடா?"

"எந்தப் பரீட்சை?" என்றான் ட்ரெவர். "மார்ச்சுல நான் எந்த வருஷம் ஸ்கூல் பக்கம் வந்திருக்கேன்? மாட்டுக்குச் சொல்லு, ஏப்ரல்ல போடுன்னு."

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வகுப்பில் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டாள். ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பரீட்சை தாத்தா காலத்திலிருந்தே மார்ச்சில்தான். கன்று போடும் காலத்தில் பண்ணைப் பிள்ளைகள் வராவிட்டால் ஏன் என்று கேட்காமல் இருப்பது அந்தப் பள்ளியின் பழைய வழக்கம். மரியாதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மார்க் இல்லாத பிள்ளைக்குப் பாரம் வேண்டாம் என்று குட்டை ஏணியில் ஏற்றிவிடுவதும் அதே கரிசனம்தான். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. மேரனுக்கு அதை நினைக்க நினைக்கத்தான் கோபம் வந்தது. யாராவது கெட்டவராக இருந்திருந்தால் சண்டைபோட வசதியாக இருந்திருக்கும்.

அன்று மாலை வைக்கோல் உருட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த அப்பா டுவேனிடம் சொன்னாள். அவர் கவைக்கோலை நிறுத்தவில்லை. நம் வீட்டில் யாருக்குக் கணக்கு வந்தது, எனக்கு வந்ததா, உன் அத்தைக்கு வந்ததா என்றார். ஹோல்க் ரத்தத்திலேயே அது கிடையாது, ஏன் தலையை உடைத்துக்கொள்கிறாய் என்றார்.

"கெஸ்லரம்மா தங்கமான மனுஷி. கன்னு போடற நேரத்துல ஒரு நாளாச்சும் ஏன் வரலன்னு கேட்டிருக்காங்களா?"

"கேட்டிருக்கணும்ப்பா," என்றாள் மேரன்.

கவைக்கோல் நின்றது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி வைக்கோலைக் குத்தினார்.

பள்ளிக் குழுவின் மாதக் கூட்டம் நூலகத்தில் நடந்தது. எப்போதும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அன்று கால்பந்து மைதானத்துக்குப் புது விளக்குப் போடுவதா என்று பேசப்போவதாகத் தெரிந்து ஊரே வந்திருந்தது. டுவேனும் விளக்குக்காகத்தான் வந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொதுமக்கள் பேசலாம் என்றதும் மேரன் எழுந்து முன்னால் போனாள். குழுத் தலைவர் ராய்ஸ் மெக்கேப். ஆற்றுக்கு வடக்கே அவர் மாடுதான் அதிகம்; மாட்டைப் பிடிக்கக் கயிறு வீசும்போது சிக்கி வலது கட்டைவிரலைப் பறிகொடுத்தவர்.

"சொல்லு பாப்பா, லைட்டு வேணுமா, வேணாமா?"

"லைட்டுக்காக வரல சார். கணக்குக்காக வந்தேன்."

அப்படியென்றால் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. மேரன் அது அடங்கும்வரை நின்றாள். பிறகு பரீட்சையையும், மார்ச் மாதத்தையும், பூட்ஸ் வரிசையையும் சொன்னாள். எனக்கு ஜியோமெட்ரியும் இரண்டாம் அல்ஜீப்ராவும் சேர்த்து வேண்டும், அந்தப் பரீட்சையைக் கன்று போட்டு முடிந்த பிறகு எல்லாருக்கும் மறுபடி வையுங்கள் என்றாள்.

கெஸ்லர் எழுந்து, நான் வருஷக்கணக்காகப் பார்த்துவருகிறேன், பண்ணைப் பிள்ளைகள் மேல் வகுப்பில் நின்று பிடித்ததில்லை என்று அன்பாகவே சொன்னார்.

"ஏறவே விடலையே மேடம். விழுந்துருவாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கெஸ்லர் மெல்ல உட்கார்ந்துவிட்டார். மேரன் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இங்க இருக்கறவங்கள்ல, எட்டாவது பரீட்சை அன்னிக்கு மாட்டுக் கொட்டாய்ல இருந்தவங்க கையத் தூக்குங்க."

"இங்க கேள்வி கேக்கறது நாங்க, பாப்பா," என்றார் ராய்ஸ்.

"அப்ப நீங்களே கேளுங்க சார்."

அவர் கேட்கவில்லை. முதலில் ட்ரெவரின் அம்மா கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள். அப்புறம் வெட்டுக்காயமும் வெடிப்புமாக ஒவ்வொரு கையாக, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிலது காதுவரைக்கும், சிலது உச்சிவரைக்கும். காப்பி குடித்துவிட்டு வரலாம் என்றவனுடைய கையும் அதில் இருந்தது. மேரன் மூன்றாம் வரிசையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் ராய்ஸின் கண் அங்கே போய் நின்றதால் அவளும் பார்த்தாள். டுவேன் தரையைப் பார்த்தபடியே இருந்தார். முழங்காலில் இருந்த தொப்பியை எடுத்தார். தலையில் வைக்கவில்லை. தொப்பியோடு சேர்த்தே கையை மேலே தூக்கினார்.

மேரன் திரும்பினாள். மேஜை மேல், கூட்டத்தை அடக்கத் தட்டும் சுத்தியலுக்குப் பக்கத்தில் கிடந்த ராய்ஸின் கட்டைவிரல் இல்லாத கை, மற்ற கைகளைப் போலவே மெதுவாக மேஜையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது.

உங்களையும், நீங்கள் இல்லாத ஒரு நாளில், நல்லதுக்கென்று நினைத்து யாராவது ஏதாவது ஒரு வரிசையில் உட்கார வைத்தார்களா? அங்கேயே இருந்துவிட்டீர்களா, எழுந்து வந்தீர்களா? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நான் ஒன்று விடாமல் படிப்பேன்.