சிற்றாலயத்தின் கிழக்கு ஜன்னல்

ஆஸ்பத்திரியை ஒட்டிப் புதுக் கட்டடம் எழும்புகிறது என்று கேள்விப்பட்டதும் கொத்தனார் ஓடிப்போய் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார். அவர் மனைவி அங்கேதான் மூன்று மாதமாகக் கிடந்தாள். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வெளியாட்களை மாலையில் ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். வேலையாள் என்றால் இடையிடையே எட்டிப் பார்க்கலாமே என்று நினைத்தார்.

கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரி அது. தரைத்தளத்தில் சின்னதாக ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம் உண்டு. அதன் கிழக்குச் சுவர் முழுக்க ஒரே ஜன்னல். புனிதர்களோ தேவதூதர்களோ அதில் கிடையாது. நீலமும் ஆரஞ்சும் ரத்தச் சிவப்புமாக, விரல் தடிமனில் உடைத்த கண்ணாடித் துண்டுகளைக் கான்கிரீட்டில் பதித்திருந்தார்கள். காலை எட்டு மணி வெயில் பட்டால் அறையே பற்றி எரிவதுபோல் இருக்கும்.

ஒருநாள் காலை மனைவியைச் சக்கர நாற்காலியில் அங்கே கூட்டிப்போனார். மடியில் விழுந்த நீலத்தை அவள் கையால் அள்ளப் பார்த்தாள்.

"இதுல சாமி எங்க சிஸ்டர்?"

"உங்க கண்ணுக்கு எங்க தெரியறாரோ அங்கதான்," என்று அங்கிருந்த கன்னியாஸ்திரீ சிரித்தார்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "முப்பது வருஷமா நீங்களும் சிமெண்ட்தான் குழைக்கறீங்க. ஒருநாளாவது இப்படி ஒண்ணு வந்திருக்கா?"

அவள் கிண்டல் செய்து எத்தனை நாளாயிற்று! அன்றிலிருந்து தினமும் அங்கே போனார்கள். அந்த அரைமணி நேரம் மட்டும் அவள் வாயில் வலி என்ற வார்த்தை வராது.

புதுக் கட்டடம் ஜன்னலுக்கு நேர் எதிரில் ஏறியது. முதல் தளச் சுவர் முடிந்த வாரம் வெயில் ஒன்பதுக்குத்தான் வந்தது. நிறங்கள் அறை நடுவே விழாமல் ஜன்னலடியில் விழுந்தன. அவர் நாற்காலியை இரண்டடி முன்னே தள்ளினார். இரண்டாம் தளம் ஏற ஏற இன்னும் முன்னே தள்ளினார். ஒருநாள் அவள் முழங்கால் சுவரில் இடித்தது. தான் கட்டும் சுவர்தான் வெயிலை மறைக்கிறது என்று அப்போதுதான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது.

சூப்பர்வைசரிடம் போய் நின்றார். "சார், அந்த ஜன்னலுக்கு எதிர்ல மட்டும் இடம் விட முடியாதா?"

"நாப்பது படுக்கை வரப்போகுதுய்யா. நீ கட்டலைன்னா நாளைக்கே இன்னொருத்தன் கட்டுவான்."

அது உண்மைதான். வேலையை விட்டால் மாலை ஒரு மணி நேரம்தான் மிஞ்சும். அவர் மூன்றாம் தளத்துக்குக் கல் வைத்தார்.

ஒருநாள் பத்து மணிக்கு டீக்கு விட்டபோது அவளை அழைத்துப் போனார். ஜன்னல் கரி பிடித்த சுவர்போல் நின்றது. கண்ணாடி எது, கான்கிரீட் எது என்றே தெரியவில்லை.

"என்னங்க, மேகமா?"

"ஆமா. ரெண்டு நாள்ல விட்டுரும்."

அவள் கை அவர் முதுகைத் தொட்டது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மேகத்துலயா இப்படி வேர்த்திருக்கு?"

 எதிரே எழும்பும் சுவரைப் பற்றிச் சொன்னார். அதைக் கட்டுவதே தான்தான் என்பதையும் சொன்னார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு மாசமா."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்து பார்த்திருப்பேனே. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு சீக்கிரமே கிளம்பிட்டேனே," என்றாள்.

அதற்கப்புறம் அவள் எங்கேயும் அழைத்துப் போகச் சொல்லவில்லை. அவர் போகும்போதெல்லாம் கண்ணை மூடியே கிடந்தாள். ஒன்பதாம் நாள் காவலாளி கீழிருந்து கத்திக் கூப்பிட்டபோது கொத்தனார் நான்காம் தளச் சாரத்தில் இருந்தார். இறங்கி ஓடினார். அதற்குள் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே வேலைக்கு வந்து நின்றார்.

"ஒரு வாரம் வீட்ல இருந்துட்டு வரக்கூடாதாய்யா?" என்றார் சூப்பர்வைசர்.

"வீட்ல யாரு இருக்கா சார்?"

மேலே ஏறினார். அவர் விட்ட இடத்திலிருந்து வேறு யாரோ நான்கு வரிசை கல் ஏற்றியிருந்தார்கள். சுவர் நேராகத்தான் இருந்தது.