பெருமாளுக்குப் போட்ட ஊசி

"ஊசி போட்ட கை வீங்கிச்சாம்மா, உன் வூட்டுக்காரருக்கு?"

ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பர்னபாஸ் தட்டி வீட்டு வாசலில் நின்று கேட்டது முந்தாநாள். மங்கம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வீங்கிச்சிங்க."

"காய்ச்சல்?"

"கீதுங்க. ஊசிக் காய்ச்சல்தான்."

"கஞ்சி குடு. தானா எறங்கிடும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். உள்ளே கம்பளிக்குள் பெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

இன்று பெருமாள் பாடையில் கிடந்தான். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக் கூலி லைன் ஆண்கள் அதே டிரஸ்ஸரை அவன் கால்மாட்டில் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பிணத்தைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லத்தான் அவர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். பெருமாளின் அண்ணன் முத்தியாலு வாளியைப் பிடுங்கி அவர் முகத்திலேயே அடித்தான். சுண்ணாம்பும் ரத்தமும் சேர்ந்து ஒழுகின.

"ஊசி குத்தி எந்தம்பிய கொன்னுட்டு, வாரிக்கினு போறதுக்கும் நீயே வந்துட்டியா?"

"ஒரு தபா போட்டது பத்தாதாம். வருசா வருசம் வாணுமாம். நாங்க இன்னா, சூடு போடற மாடா?" என்றான் ஒருவன்.

"எங்கை போன வருசம் பூசணிக்கா மாதிரி ஊதிச்சி. சம்மட்டிய தூக்க முடியாம சோத்துக்கு அல்லாடினேன். இவன் வந்தானா பாக்க?" என்று இன்னொருவன் கத்தினான்.

"போன வருசத்து ஊசி இந்த வருசத்துக்கு நிக்காதுப்பா. கொள்ளைநோவு திரும்பி வந்திருக்கு. அதான்..." பர்னபாஸ் முடிக்கவில்லை. யாரோ வாயில் உதைத்தார்கள்.

மங்கம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமும் ஊசி போட்டுக்கொண்டவள் அவள். இரண்டு தடவையும் காய்ச்சல் வந்தது, வாந்தி எடுத்தாள், கை கல்லாய் இறுகியது, பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. பெருமாளுக்குத்தான் போன வருஷம் காய்ச்சல் லேசில் விடவில்லை. எழுந்து போனபோது அவன் இடத்தில் வேறொருவன் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தான். சம்மட்டிக்காரன் கூடை சுமக்க வேண்டியதாயிற்று. மறுபடி சம்மட்டி கைக்கு வர மழைக்காலம் முடிந்துவிட்டது.

அதனால் இந்த வருஷம், "இந்த லெவல் வெட்டி முடியட்டும், அப்பறம் போட்டுக்கறேன்" என்றான். "நோவு லெவல் முடியற வரிக்கும் காத்துக்கினு இருக்குமா?" என்று மங்கம்மா கேட்டாள். சொம்பு பறந்து வந்தது. உதடு பிளந்த காயம் இன்னும் ஆறவில்லை.

ஊசி இல்லாதவனைச் சுரங்கத்தில் இறக்கும் கூண்டில் ஏற்ற மாட்டோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அதற்கும் வழி இருந்தது. ஒருவன் படுத்துவிட்டால் அவன் பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு இன்னொருவன் இறங்குவது சுரங்கத்தில் தினமும் நடப்பதுதான். வில்லையில் இருக்கிற நம்பர்தான் ஆள். புழுதி அப்பிய முகத்தை யார் பார்த்தார்கள்? மங்கம்மாவின் தம்பி தங்கவேலுதான் கை நீட்டினான். "குடு மாமா உன் வில்லைய. எனக்கு இன்னொரு கை கீது இல்ல." ஒருநாள் தன் வில்லையோடு போய் இடது கையில் குத்திக்கொண்டான். மறுநாள் ஷிப்டு விட்டு வெளியே வந்த முகத்தைக் கழுவாமல், மாமன் வில்லையோடு போய் வலது கையை நீட்டினான். பர்னபாஸ் நம்பரைப் பார்த்துக் குத்தி, பெருமாள் பேரில் எழுதிக்கொண்டார்.

அந்த வாரமே பெருமாளுக்குத் தொடையிடுக்கில் கொள்ளைநோவுக் கட்டி கிளம்பியது. தெரிந்தால் நோவு கண்டவர்களை ஒதுக்கி வைக்கும் வெட்டவெளிக் கொட்டகைக்கு இழுத்துப் போவார்கள். போனவர் திரும்புவதில்லை என்று லைனில் பேச்சு. "ஊசிக் காய்ச்சல்னு சொல்லு. வேற எதனா சொன்னே, செத்தாலும் எழுந்து வந்து கழுத்த நெரிப்பேன்" என்றான். அவள் அப்படியே சொன்னாள். லைன் முழுவதும் அதை நம்பியது.

முத்தியாலு அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பேர் பர்னபாஸின் தலையைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். அவர் இப்போது திமிறவில்லை.

மங்கம்மா கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தாள். உச்சி வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு தங்கவேலு நின்றிருந்தான். அவளைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தான். வாணாம்.

வெளியே தெரிந்தால் அவனுக்கு எந்தச் சுரங்க ஷாப்டிலும் இனி வேலை கிடையாது. அதற்கு முன் இவர்களே அவனை விட மாட்டார்கள்.

"அவுரு ஊசி போட்டுக்கல" என்றாள் மங்கம்மா.

யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து போய்க் குழவியைப் பிடித்தாள். "மாமா, உன் தம்பி ஊசியே போட்டுக்கல. இவுரு கொல்லல."

"புருசன் போனதும் புத்தியும் பூட்ச்சா?" முத்தியாலு புறங்கையால் அறைந்தான். பாடைக் கழியில் தலை மோதி விழுந்தாள். காதில் இரைச்சல் ஓய்வதற்குள் எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு போய், தம்பியின் கம்பளியைப் பிடித்து இழுத்தாள்.

"தோ பாருங்க."

இரண்டு கைகளும் தோளிலிருந்து முழங்கை வரை ஊதிச் சிவந்து பளபளத்தன. வலது கையில் சீழ் கட்டியிருந்தது. வருஷத்துக்கு ஆளுக்கு ஒரு ஊசிதான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் பெருமாள் செத்தது கொள்ளைநோவில். கூட்டத்தில் ஒருவன் பாடையைப் பார்த்தான். அப்புறம் தன் கைகளைப் பார்த்தான். காலையில் பெருமாளைக் குளிப்பாட்டிய கைகள். பின்வாங்கினான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் விலகினார்கள். பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடினார்கள். பர்னபாஸ் முழங்கையை ஊன்றித் தவழ்ந்து, ஒரு பல்லைத் துப்பினார்.

முத்தியாலு குழவியைக் கீழே போட்டான். பாடைக்கு வெட்டி மிஞ்சிய மூங்கிலை எடுத்துக்கொண்டு தங்கவேலுவிடம் போனான். வீங்கிய கைகளைப் பார்த்துப் பார்த்து அடித்தான். சீழ் உடைந்து தெறித்தது. தங்கவேலு குனிந்து நின்று வாங்கிக்கொண்டான். மங்கம்மா குறுக்கே பாய்ந்தபோது அவள் முதுகிலும் நாலு விழுந்தது. மூங்கில் பிளந்தபின் முத்தியாலு அதை எறிந்துவிட்டு, தம்பி பிணத்தைத் திரும்பிப் பாராமல் அழுதுகொண்டே போனான்.

வெயில் அப்படியே இருந்தது. பாடையில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன.

தங்கவேலு இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு மடித்த புடவையை எடுத்தான். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி. கூடப் பிறந்தவன் கையால்தான் அதைத் தோளில் போர்த்த வேண்டும். போர்த்துவதற்காகக் கைகளைத் தூக்கினான். நெஞ்சுக்கு மேல் வரவில்லை. மங்கம்மா மண்டிபோட்டுத் தலையைத் தாழ்த்தினாள். அவன் மறுபடி தூக்கிப் பார்த்தான்.

"தங்கவேலு" என்றாள்.

அவன் புடவையை அவள் மடியில் வைத்தான். லைன் பக்கம் போகாமல் ஊருக்கு வெளியே போகும் பௌரிங்பேட்டை ரோட்டில் இறங்கி, இரண்டு கைகளும் உடம்பில் படாதபடி அகற்றி வைத்துக்கொண்டு நடந்தான்.