எந்த ஊசி

அன்று தையல்கடைக்கு வெளியே மழை பெய்ததா, இல்லை ஓவர்லாக் மெஷினின் இரைச்சல்தான் மழையாக மனதில் தங்கிவிட்டதா என்று அக்காவால் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பேசிய பேச்சில் மட்டும் சந்தேகமில்லை. ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான்.

அக்கா வீட்டின் முன்னறையையே தையல்கடையாக மாற்றியிருந்தார்கள். அக்கா வெட்டுவாள், தங்கை தைப்பாள். அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோது தங்கைதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே வந்து நின்றாள். அதற்குப் பிறகு காலையில் கடைக்குள் நுழையும்போதே, "என்னக்கா, என் சாமான் ஒழுங்கா வேலை செய்யுதா?" என்பாள். அக்கா சிரிப்பாள். சிரித்து முடித்ததும் வெட்டுகிற துணியின்மேல் குனிந்துகொள்வாள்.

மருத்துவர் அக்காவுக்கும் பஸ் டிரைவரான அவள் கணவனுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தார். "அந்தக் கிட்னியை உடம்பு வேத்தாள்னு நினைச்சுத் தாக்கிடக் கூடாது. அதுக்குத்தான் இந்த மாத்திரை. ஆனா இது உடம்போட எதிர்ப்பு சக்தியையே அடக்கி வைக்குது. ஃப்ளூ தடுப்பூசி போட்டாலும் உங்களுக்கு முழுசாப் பிடிக்காது. கூடவே இருக்கறவங்களும் போட்டுக்கணும். உங்களுக்கு அவங்கதான் மதில்."

டிரைவர் அங்கேயே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான். தங்கையிடம் சொன்னபோது, "போட்டுக்கறேன்க்கா. இந்த யூனிஃபார்ம் தலைவலி முதல்ல ஒழியட்டும்" என்றாள்.

பள்ளி யூனிஃபார்ம் மூட்டை மூட்டையாக வந்துகொண்டே இருந்தது. ஊசியைப் பற்றித் தங்கை பிறகு வாயே திறக்கவில்லை. அக்காவுக்கு மறுபடி கேட்க வேண்டும். கேட்கத்தான் முடியவில்லை. வயிற்றைக் கிழித்துக் கொடுத்தவளிடம் கையை நீட்டு என்று எப்படிச் சொல்வது? அதுவும் யாருக்காக? மறுபடியும் எனக்காக. இப்படி யோசித்தபடியே பல மதியங்கள் போயின. கத்தரிக்கோல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம், தடித்த மடிப்பொன்றில் ஏறும்போது தங்கையின் மெஷின் ஊசி 'டக்'கென்று உடைந்தது. "சனியன்!" என்று திட்டிக்கொண்டே அவள் திருகாணியைத் தளர்த்தி, புது ஊசியைச் செருகினாள். அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு." மெஷின் ஓடத் தொடங்கியது.

எந்த ஊசியைக் கேட்டோம் என்பது அக்காவுக்குத் தெரியும். எந்த ஊசிக்குப் பதில் வந்தது என்பதும் தெரியும். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தபோது, "உன் தங்கச்சி போட்டுக்கிட்டாளா?" என்று டிரைவர் கேட்டதற்கு, "போட்டாச்சாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதில் பொய் இல்லை என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்துத் தங்கை கண் சிவந்து, இருமிக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லக்கா. துணித் தூசி."

அக்கா முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "யாரைக் கொள்ளையடிக்கக் கிளம்பிட்ட?" என்று தங்கை சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வீட்டுக்குப் போ என்ற சொல் அக்காவின் நாக்கு நுனிவரை வந்து, திரும்பிப் போய்விட்டது. அன்று முழுக்க இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து பட்டன் தைத்தார்கள்.

அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அதன்பின் மூச்சு வாங்கியது. நுரையீரல்வரை தொற்று இறங்கிவிட்டது என்றார்கள். உடம்பு எதிர்த்து நிற்க வேண்டுமானால் அந்த மாத்திரைகளைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் சிறுநீரகத்துக்கு உத்தரவாதம் இல்லை. தாழ்வாரத்தில் வைத்து மருத்துவர் இதைச் சொன்னபோது டிரைவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆளைக் காப்பாத்துங்க" என்றான்.

அக்காவுக்குப் பேசத் தெம்பு வந்த நாளில் தங்கை கட்டிலருகே நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான் மெஷின் ஊசியைச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பத் தெரியும்?"

"அப்பவே."

தங்கை நம்பாமல் பார்த்தாள். "தெரிஞ்சும் ஏன்க்கா வாயை மூடிக்கிட்டிருந்த? ஏண்டி எருமைன்னு ஒரு வார்த்தை திட்டியிருந்தா ஓடிப்போய்ப் போட்டிருப்பேனே! மறந்துதான் போச்சு. வேணும்னேவா செஞ்சேன்?"

"உங்கிட்ட இன்னும் எதைத்தான்டி கேக்கறது?"

"உன் வாயை அடைக்கவா நான் கிட்னி குடுத்தேன்?" தங்கையின் குரல் உடைந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா பிழைத்தாள். தங்கை கொடுத்த சிறுநீரகம் பிழைக்கவில்லை. அக்கா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறாள். கணவன் தன் வேலைநேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டான். வெட்டுவது, தைப்பது இரண்டையும் தங்கையே பார்த்துக் கடையை நடத்துகிறாள். ஆண்டுதோறும் தவறாமல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறாள். வேறொரு சிறுநீரகத்துக்காக அக்காவின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். இன்னும் அழைப்பு வரவில்லை.