விரல் நோகாமல்

கேட்கப்போகிறார். வலது பக்கம் முடிவதற்குள் கேட்டுவிடுவார். கேட்பதற்காகத்தான் இந்த வெயிலில் காட்டுமன்னார்கோயிலிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். மகளுக்குச் சடை போடுவது பிறகு சேர்ந்துகொண்ட வேலை. கேட்டால் என்ன சொல்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஜெயராணி இப்படி நினைத்துக்கொண்டே வால்சீப்பின் முனையால் கலைமணியின் தலையில் அடுத்த வகிடை எடுத்தாள். பதினொரு சடை முடிந்திருந்தது. இன்னும் ஐம்பதுக்குக் குறையாது. நாளைக்குக் கல்லூரியில் குழு நடனம். எட்டுப் பெண்களுக்கும் ஒரே மாதிரி மெல்லிய சடைகள் வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

கலைமணியின் அம்மா அமராவதி கதவுத் திரைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலவீதியிலிருந்து பிரியும் சந்தில், மாடியில், ஒற்றை அறை பார்லர். மின்விசிறி ஓடினால் முடி பறக்கும் என்பதால் அதைக் குறைவாக வைத்திருந்தாள் ஜெயராணி. அமராவதி முந்தானையால் விசிறிக்கொண்டார்.

வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை தழும்பைப் பற்றியது. "பின்னங்கழுத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கும்மா. சின்னதுல மாட்டுக் கொட்டாய் தகரம் கிழிச்சிடுச்சு. அங்க முடி மொளைக்கல. அது தெரியாத மாதிரி போட்டுரு."

"தெரிஞ்சா என்னாம்மா?" என்றாள் கலைமணி. "ஆடுறப்ப எல்லாரும் என் பின்னங்கழுத்தத்தான் பாக்கப் போறாங்களா?"

"நீ கம்முனு இரு. கல்யாணம் ஆவற வரைக்கும் அது யார் கண்ணுலயும் பட வேணாம்."

"கல்யாணத்துக்கு அப்பறம் அவன் பாத்துட்டு ஓடிட்டா?"

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு இதுக்கு," என்றார் அமராவதி ஜெயராணியிடம். ஜெயராணி சிரித்துவைத்தாள். தழும்பு இரண்டு விரல் நீளம் இருந்தது. அதற்கு மேலே வகிடைக் கொஞ்சம் சாய்த்து எடுத்தால் நான்கு சடைகள் அதன்மீது படிந்துவிடும். அதை மனதில் குறித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினாள்.

பன்னிரண்டாவது சடை. முடி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. இழையை நகத்தால் கிள்ளிப் பிடிக்கக் கூடாது. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில், பக்கவாட்டில் படியவிட்டுக் கட்டைவிரலை மேலே சும்மா சாய்த்தால் போதும். வேரை ஒட்டி வருகிற முதல் மூன்று மடிப்பில் மட்டும் கொஞ்சம் இறுக்கம். அதற்குப் பிறகு இழைகள் தாங்களாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கை இறங்க இறங்கத் தோளைத் தூக்கக் கூடாது. நாற்காலியைத் தாழ்த்தி, தலை தன் நெஞ்சுக்கு நேராக வரும்படி வைத்துக்கொள்வாள். வலது மோதிர விரலில் ஒரு சுற்றுக் காகிதப் பிளாஸ்திரி. எட்டுச் சடைக்கு ஒருமுறை இரு கைகளையும் தொங்கவிட்டு நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் சோம்பலாக நிற்பதுபோல் இருக்கும்.

இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. கடலூரில், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு பார்லரில் வேலைக்கு இருந்தபோது, இரண்டு நாளில் பன்னிரண்டு பெண்களுக்கு இதேபோல் சடை போட்டாள். மூன்றாம் நாள் இரண்டு ஆள்காட்டி விரல்களும் பக்கவாட்டில் வெடித்திருந்தன. ரசம் சோற்றைப் பிசையக் கை வைத்ததும் உயிர் போயிற்று. ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டாள். அந்த வாரம் முழுவதும் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த இடத்தில் எந்த இழை அறுத்தது என்று அவை தெளிவாகக் காட்டின. வலித்தது இழைகளால் அல்ல, அவற்றை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் தான் பிடித்த பிடியால் என்று அவளுக்குப் பட்டது. விரல் நோகாத பிடியில் வேரும் நோகாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதைத் தெரிந்துகொண்டது இளமதியின் தலையில்.

இளமதிக்குப் புழுவெட்டு. முடி உதிர்ந்த வட்டம் உச்சியில் ஒன்று, வலது காதுக்குப் பின்னால் ஒன்று, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. கடலூரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். அங்கே எந்தப் பார்லருக்குப் போனாலும் ஆபீஸ் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ரயிலேறிச் சிதம்பரம் வருகிறாள். சுற்றியிருக்கிற நல்ல முடியை மெல்லிய சடைகளாக்கி, இழுக்காமல் அந்த இடங்களின்மீது படியவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒற்றைச் சடையாக முடிப்பாள் ஜெயராணி. மருந்தும் ஒருபக்கம் நடக்கிறது. இதற்கு ஒன்றரை வருஷமாயிற்று. வீட்டில் அம்மாவுக்கும் அண்ணிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியக்கூடாது என்று ஊர்விட்டு ஊர் வந்த பெண்ணுக்கு, வரன் இந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சிலம்பரசன். அமராவதியின் அண்ணன் மகன்.

போன சனிக்கிழமை இளமதி இதே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழம சில்வர் பீச்சுல அவரும் நானும் பேசப் போறோம்க்கா. அண்ணி கூட வருவாங்க, தள்ளி நிப்பாங்க. நானே சொல்லிடப் போறேன். ரெண்டு சடைய அவுத்துக் காட்டிடுவேன். புடிக்கலன்னா போவட்டும். ஆனா என் வாயாலதான் போவணும். அதுக்கு முன்னாடி வேற யாராச்சும் சொல்லிட்டாங்கன்னா நான் மறைச்ச மாதிரி ஆயிடும்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் ஜெயராணி.

"தெரியும்க்கா. சும்மா சொன்னேன்."

இன்று வெள்ளிக்கிழமை.

"உனக்கு வெரல் நோவாதா?" என்றார் அமராவதி. இருபத்தாறாவது சடை நடந்துகொண்டிருந்தது. "இதுக்கு ஒத்தச் சட பின்னுறதுக்குள்ள எனக்கு மணிக்கட்டு சுளுக்கிக்குது."

"நோவாதும்மா. புடிக்கிற விதம்தான்."

"அம்மா கயிறு திரிக்கிற மாதிரி புடிப்பாங்கக்கா," என்றாள் கலைமணி போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இழுக்குற இழுப்புல என் கண்ணு ரெண்டும் காதுகிட்ட போயிடும்."

அமராவதி நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். "கடலூர்லேந்து இளமதின்னு ஒரு பொண்ணு உங்கிட்ட வருதாமே."

"வருதும்மா."

இல்லை என்று சொல்ல வழியில்லை. எப்படித் தெரிந்தது என்று அமராவதியே சொன்னார். "அவுங்கம்மாதான் பெருமையா சொன்னாங்க, எம்பொண்ணு தலைக்கு மட்டும் சிதம்பரம் போயிதான் பாத்துக்கும்னு. எனக்கு அப்பவே ஒறுத்துச்சு. கடலூர்ல இல்லாத பார்லரா?"

ஜெயராணி இருபத்தேழாவது சடைக்கு வகிடு எடுத்தாள்.

"நாங்க பாக்கப் போனப்ப பொடிப் பொடியா சட போட்டு, அதச் சேத்துப் பின்னி, மேல ரெண்டு மொழம் பூ. லட்சணமாத்தான் இருந்துச்சு. பூவ சரி பண்ற மாதிரி தொட்டுக்கூட பாத்தேன். ஒண்ணும் பிடிபடல. கைவச்சுப் பாக்குறவ நீ. சொல்லு. முடி அதோடதுதானா? தலைல ஏதாச்சும் இருக்கா?"

மோதிர விரலில், பிளாஸ்திரிக்கு மேலே, ஒரு சுரீர். ஜெயராணி குனிந்து பார்த்தாள். இழையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். எத்தனை சடையாக இப்படிப் பிடித்திருக்கிறாள் என்று தெரியவில்லை. கலைமணி தலையை லேசாக முன்னால் இழுத்துக்கொண்டு, "அக்கா, வலிக்குது," என்றாள்.

"சாரிம்மா." அந்தச் சடையை அவிழ்த்தாள். கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

நல்ல முடிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பேச்சு இங்கே முடிந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் சடையை அவிழ்க்கும்போது, பார்லர்காரியையும் பொய் சொல்ல வைத்திருக்கிறாள் என்று ஆகும். உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையே இருக்காது. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. மூன்றாவதாக ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அதுதான் மோசமானது என்று அவளுக்குத் தோன்றியது. ஏனென்றால் அவள் இதுவரை இப்படிக் கேட்டவர்களிடம் பேசாமல் இருந்ததில்லை.

"பொண்ணு நல்ல பொண்ணும்மா," என்றாள்.

"அத நான் கேக்கல."

"அவுங்களையே கேட்டுக்கலாமே."

"பொண்ணு வீட்டுல கேட்டா எது சொல்லுவாங்க? அக்கம்பக்கம் விசாரிக்கிறதுதானே வழக்கம்." அமராவதியின் குரலில் கோபம் இல்லை. "தாயில்லாத புள்ளம்மா அவன். நாளைக்கு ஒண்ணுன்னா, அத்த நீ பாத்துதானே முடிச்சன்னு என்னைய கேப்பான். நல்லபடியா முடிஞ்சா கல்யாணத்துக்கு எங்க பக்கம் அத்தினி பொம்பளைங்களும் உங்கிட்டத்தான் வருவோம். ரத்தினம்மாளுக்கு மட்டும் சொன்னியாமே, பவானி விஷயத்துல."

ஜெயராணி நனைத்த துணியில் விரல்களைத் துடைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தினம்மாள் புருவம் எடுக்க வந்தபோது, தன் மகனுக்குப் பார்த்திருந்த பவானியைப் பற்றி இதேபோல் கேட்டார். நல்ல பெண், அமைதியான பெண், தலையில் கொஞ்சம் பொடுகு, அதற்கு மருந்து போடுகிறாள் என்று நூலைப் பல்லில் பிடித்துக்கொண்டே சொன்னாள் ஜெயராணி. வானிலையைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. பொடுகினாலா, வேறு எதனாலா, தெரியாது. பவானி அதன்பிறகு வரவில்லை. ஒருமுறை காய்கறிக் கடையில் பார்த்தபோது பவானி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எதுவும் இல்லை. எதுவும் இல்லாததைத்தான் ஜெயராணி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். தனக்குக் குற்றவுணர்ச்சி வர வேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பதில், தன் வாய் தன்னுடையதாக இல்லாமல் கடைக்கு வெளியே வைத்த தண்ணீர்ப் பானைபோல் யார் வந்தாலும் மொண்டுகொள்ளும்படி இருக்கிறது என்ற எண்ணம்தான் வந்தது.

"அது தப்பும்மா," என்றாள் இப்போது. "ரத்தினம்மாகிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது."

"அப்ப அந்தப் பொண்ணப் பத்திச் சொன்ன, இதப் பத்திச் சொல்ல மாட்டேங்குற. சொல்ல மாட்டேங்குறன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அப்டி இல்லம்மா."

"வேற எப்டி?"

கலைமணி போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு ஜெயராணியை. "விடும்மா. சிலம்பு மச்சானே ஞாயித்துக்கிழம பாத்துப் பேசப் போறாருல்ல."

"அவன் என்னாத்த பாப்பான்? சிரிச்சா மயங்கிடுவான்."

ஜெயராணி அடுத்த வகிடை எடுத்தாள். தழும்பு இருக்கும் இடத்துக்கு வந்திருந்தாள். தழும்பு வெளுப்பாக, வழவழப்பாக இருந்தது. நினைத்திருந்தபடியே வகிடைச் சாய்த்து, முதல் சடையை அதன்மீது இறக்கினாள். இப்போது விரல்கள் பழைய பிடிக்கு வந்துவிட்டன. இழை நடுக்கணுவில் படிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் போட்டாள். நான்காவதில் தழும்பு முழுவதும் மறைந்தது. நுனிக்குச் சின்ன ரப்பரை நகம் படாமல் சீப்பு வாலால் ஏற்றிவிட்டாள். அமராவதி எழுந்து வந்து மகளின் பின்னந்தலையைக் குனிந்து பார்த்தார். விரலால் அந்த இடத்தைத் தடவினார்.

"தெரியல," என்றார். "நல்லா போட்டிருக்க."

பிறகு அங்கேயே நின்றார். கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சரி, இளமதிய விடு. நம்ம மலர்க்கொடி பொண்ணு உங்கிட்டத்தானே வருது? முட்டி வரைக்கும் முடி. ஊரே பாக்குது. அதோட முடி எப்டி? அதயாச்சும் சொல்லு."

மலர்க்கொடியின் மகள் முடியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. அடர்த்தியும் நீளமும் அவளுடையதே. நல்ல முடி என்று சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் கிடையாது. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. இவளைப் பற்றிச் சொல்லி, இளமதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், சொல்லாமல் விட்டதே சொன்னதாகிவிடும் என்பதை அமராவதி அறிந்துதான் கேட்கிறார். கண்ணாடியில் அவர் முகம் சாதாரணமாக இருந்தது. தன் முகமும் அப்படியே இருப்பதை ஜெயராணி பார்த்தாள்.

கிண்ணத்துத் தண்ணீரில் விரல் நுனிகளை நனைத்தாள்.

"அதையும் சொல்ல மாட்டேம்மா," என்றாள்.